சகலையின் வண்டி கிளம்பக் கூடாது

ஜூன் 4, புதன்

முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு மதியமே கடையிலிருந்து கிளம்பினேன். மருந்துக் கடையில் வேலை பார்ப்பவன் தலைவலிக்கு லீவு கேட்டால் யார் நம்புவார்கள்? அவரும் நம்பவில்லை. "போய் உன் தகர டப்பாவைப் பாரு" என்றார்.

நேராக சகலை வீட்டுக் கொட்டகைக்குப் போனேன். சகலை என் மனைவியின் அக்கா கணவர், ரிட்டையர்டு பஸ் டிரைவர். ஆள் வந்து நின்றால் வாசலே அடைபட்டுவிடும். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவர் உயிரை விடுவது ஒரு குட்டி டூ-ஸ்ட்ரோக் பைக்கின் மேல். அவர் ஏறி உட்கார்ந்தால் கீழே வண்டி இருப்பதே தெரியாது. என்னுடையது அதைவிடக் குட்டி, பெடல் வைத்த மொபெட். பழைய இரும்புக் கடையில் கோழி அடைந்து கிடந்த இரண்டையும் வாங்கி வந்து, சண்டை போட்டுக்கொண்டே இத்தனை மாதமாகச் சரிசெய்து வருகிறோம்.

என் மொபெட் போன மாதமே ஓடத் தொடங்கிவிட்டது. இன்று அவர் வண்டியும் கிளம்பியது. உதைத்தார், இருமியது. மறுபடி உதைத்தார். டப் டப் டப் என்று பிடித்துக்கொண்டு, கொட்டகை முழுக்க நீலப் புகை. எண்ணெய் கலந்த பெட்ரோல் எரிகிற அந்த வாசனை மூக்கில் ஏறியது. மொபெட்டில் வீடு வீடாக மருந்து கொடுத்துக்கொண்டிருந்த வயது ஞாபகம் வந்தது. மேட்டில் இஞ்சின் திணறும்போது கூடவே பெடல் மிதித்தது, பெட்ரோல் தீர்ந்தால் வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து மிச்சத்தை வரவழைத்தது, சட்டைப் பையில் காகிதம் சுற்றிய மாற்று ஸ்பார்க் பிளக்கோடு திரிந்தது. அப்போது எனக்கு எதைப் பார்த்தும் பயமில்லை. எப்படி இருந்தவன் நான்!

சத்தம் கேட்டு அக்கா எட்டிப் பார்த்தார். கல்யாணமான புதிதில் இதே மாதிரி வண்டியில், அக்கா ஏறிவிட்டதாக நினைத்து சகலை தனியாகக் கிளம்பி, அடுத்த தெரு வரை பேசிக்கொண்டே போன கதையை எங்கள் வீட்டில் சொல்லாத ஆளில்லை. "இந்தத் தடவையாவது பின்னாடி ஆள் இருக்கான்னு பாத்துட்டுக் கிளம்புங்க" என்றார்.

மாதக் கடைசி ஞாயிறு பழைய வண்டிக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து அணைக்கட்டு மலைக்குப் போகிறார்கள். நாங்களும் பேர் கொடுத்திருக்கிறோம்.

ஜூன் 8, ஞாயிறு

எழுதலாமா கூடாதா என்றே தெரியவில்லை. எழுதினாலாவது மனசு அடங்குமா பார்ப்போம்.

சகலை சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வந்தவர் பாதியில் நிறுத்தினார். நிமிர்ந்து பார்த்தேன். கண் திறந்தபடியே இருக்கிறது, ஆள் இல்லை. அப்படியே பக்கவாட்டில் சரிந்து சுவரில் சாய்ந்தார். எண்ணெய்க் குப்பி உருண்டது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நான் அவர் தோளைப் பிடித்து உலுக்குவதற்குள் கண்ணைச் சிமிட்டிவிட்டு, "துணிய எடு, எண்ணெய் கொட்டிடுச்சு பாரு" என்கிறார். ஒன்றுமே நடக்காத மாதிரி!

"சகலை, நீங்க மயக்கம் போட்டீங்க."

"குனிஞ்சே இருந்தேன்ல, அதான்."

"இதுக்கு முன்னாடி வந்திருக்கா?"

குப்பியை எடுத்து மூடியைத் திருகினார். அப்படியென்றால் வந்திருக்கிறது.

கிளம்பும்போது வாசல் வரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க அக்கா காதுக்குப் போச்சுன்னா வண்டிய நாளைக்கே தூக்கிக் கொடுத்துடுவா. மலைக்குப் போயிட்டு வந்துடுவோம். அப்புறம் டாக்டரப் பாக்கறேன். சத்தியமா." நானும் மண்டையை ஆட்டிவிட்டு வந்தேன். மண்டை ஆட்டுவதில் எனக்கு நிகர் யாருமில்லை.

ஜூன் 9, திங்கள்

ஒரு அம்மா வந்து, வீட்டுக்காரருக்கு அடிக்கடி கண் இருட்டுகிறது, ஏதாவது சத்து மாத்திரை கொடுங்கள் என்றார். "மாத்திரை எல்லாம் வேண்டாம், இன்னிக்கே டாக்டர்கிட்ட கூட்டிப் போங்க" என்று கத்தியே விட்டேன். முதலாளி திரும்பிப் பார்த்தார்.

ஊராருக்குச் சொல்ல வாய் வருகிறது.

ஜூன் 13, வெள்ளி

மலைப்பாதை கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமே இல்லை. அந்த வளைவில் அவருக்குக் கண் திறந்தபடி இருந்து ஆள் இல்லாமல் போனால்? பின்னால் நான் மொபெட்டில் வந்து என்ன செய்வேன், பெடல் மிதிப்பேனா?

அக்காவிடம் சொல்லிவிடலாம் என்று சாயங்காலம் போனேன். தனியாகத்தான் இருந்தார். "என்ன தம்பி, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டார். வாயைத் திறந்தேன். வந்தது என்ன தெரியுமா? தண்ணீர் மோட்டார் சத்தம் போடுகிறதா என்று விசாரித்துவிட்டு வந்தேன். அவர் வீட்டு மோட்டார் நன்றாகத்தான் ஓடுகிறது.

ஜூன் 15, ஞாயிறு

இன்று ஒரு காரியம் செய்தேன். எனக்கே என்னைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

சகலை சாப்பிட உள்ளே போனபோது அவர் வண்டியின் பிளக்கைக் கழற்றினேன். அதன் முனையில் மயிரிழை இடைவெளி இருக்கும், அதில்தான் தீப்பொறி தாவ வேண்டும். ஸ்பானரால் ஒரு தட்டுத் தட்டி அதை மூடிவிட்டு மறுபடி மாட்டிவிட்டேன். ஆளைத் தடுக்க முடியாவிட்டால் வண்டியைத் தடுப்போம். வண்டி கிளம்பாவிட்டால் மலை இல்லை, மலை இல்லாவிட்டால் பயமில்லை. நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன்.

மனுஷர் ஏப்பம் விட்டுக்கொண்டே வந்தார். உதைத்தார். கிளம்பவில்லை. முகத்தில் கவலை வர வேண்டாமா? கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பிளேடு முனையால் நெம்பினார், மாட்டினார், ஒரே உதை. டப் டப் டப்.

"பாத்தியா! என்கிட்டயேவா!" என்று வண்டியைத் தட்டிக் கொடுத்தார். பத்து வயது குறைந்தவர் போலிருந்தார்.

ஜூன் 18, புதன்

இந்த முறை பெட்ரோல் வருகிற ரப்பர் குழாய்க்குள் பஞ்சு திணித்தேன். இதைக் கண்டுபிடிக்க நாளாகும் என்று நினைத்தேன்.

அரை மணி நேரம் கூட ஆகவில்லை. குழாயை உருவி ஊதிப் பார்த்து, கம்பியால் நோண்டி, பஞ்சை வெளியே எடுத்தார். உள்ளங்கையில் வைத்துப் பிரித்துப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று, மருந்துக் கடைப் பஞ்சு! கொட்டகை முழுக்கக் கிழிந்த பனியனும் அழுக்குத் துணியும் கிடக்கும்போது, என் சட்டைப் பையிலிருந்த பஞ்சைத்தான் வைக்கத் தோன்றியது எனக்கு. என்ன மூளை இது!

"எலி கூடு கட்டுது போல" என்றார்.

"இருக்கும் சகலை."

"ரொம்ப சுத்தமான எலி."

அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் என் மொபெட்டின் பெல்லைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

ஜூன் 19, வியாழன்

தெரிந்திருக்குமா? தெரிந்திருந்தால் ஏன் திட்டவில்லை? ஒரு ஸ்பானரை இடம் மாற்றி வைத்ததற்கே ஒரு வாரம் பேசாமல் இருந்த ஆள்.

ஜூன் 21, சனி

சகலை தெருக்கோடி வரை ஓட்டிப் பார்க்கிறேன் என்று கிளம்பினார். சத்தம் தூரத்தில் தேய்ந்து போகும்வரை கேட்டுக்கொண்டே நின்றேன். அப்புறம் சத்தமே இல்லை. ஓடலாமா என்று நினைக்கும்போது வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறார். முழங்கையில் மண். கைப்பிடி லேசாகக் கோணியிருந்தது.

"பெட்ரோல் தீந்து போச்சு."

அவர் கை கழுவப் போனதும் டாங்க் மூடியைத் திறந்து பார்த்தேன். தளும்பிக்கொண்டிருந்தது.

கடவுளே, தெருவில் ஒரு குழந்தை குறுக்கே வந்திருந்தால்.

ஜூன் 24, செவ்வாய்

சாப்பிடும்போது மனைவி, "உங்களுக்கு என்ன ஆச்சு? தூக்கத்துல காலை உதறிக்கிட்டே இருக்கீங்க, கனவுல கூட மொபெட்தானா?" என்றாள். சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை. அவளிடம் சொன்னால் அடுத்த நிமிஷம் அக்காவுக்குப் போய்விடும். அதுதானே வேண்டும்? பிறகு ஏன் சோற்றோடு சேர்த்து முழுங்கினேன்?

யோசித்துப் பார்த்தால் எனக்கு இரண்டு பயம். அவர் விழுந்துவிடுவாரோ என்பது ஒன்று. நான் சொல்லி, வண்டி போய், கொட்டகை காலியாகி, அந்த மனுஷர் வாசலில் வெறுமனே உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வேண்டி வருமோ என்பது இன்னொன்று. பஸ் வேலையை விட்ட வருஷம் அப்படித்தான் இருந்தார். அதைப் பார்த்துத்தானே அவரை இரும்புக் கடைக்கே கூட்டிப் போனேன்.

ஜூன் 27, வெள்ளி

முடிவு செய்துவிட்டேன். இனி வண்டியில் கை வைக்க மாட்டேன். அது கையாலாகாதவன் வேலை. ஞாயிறு காலை, கிளம்புவதற்கு முன், நேருக்கு நேர் நின்று, "நீங்க ஓட்டக்கூடாது சகலை" என்று சொல்லிவிடுவேன். கேட்காவிட்டால் அங்கிருந்தே அக்காவுக்குப் போன்.

ஜூன் 28, சனி

கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். கண்ணாடியே நம்பவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

நிதானமாக எழுதுகிறேன். ஒன்றையும் விடக்கூடாது.

வண்டிகளைச் சுமை ஆட்டோவில் ஏற்றி மைதானத்துக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மென்றுகொண்டே வந்தேன். சகலை வழக்கமாக எதிரே வரும் எல்லா டிரைவரிடமும் குற்றம் கண்டுபிடிப்பார், இன்று அதுகூட இல்லை.

மைதானத்தில் எத்தனை வண்டிகள்! விளக்குக்கு மேல் தொப்பி வைத்தது, பக்கத்தில் பெட்டி கட்டியது, பாதி மட்டும் புதுப் பெயிண்ட் அடித்தது. எல்லாம் ஒரே நேரத்தில் முனகிப் புகை விட்டன. என் மொபெட் முதல் பெடலிலேயே பிடித்துக்கொண்டது. வேறு நாளாக இருந்தால் குதித்திருப்பேன்.

சகலை உதைத்தார். ஒன்றுமில்லை. மறுபடி உதைத்தார். நெற்றியில் வியர்வை. எனக்குச் சத்தியமாக ஒன்றும் புரியவில்லை, நான் அந்த வண்டிப் பக்கமே போகவில்லை. நாலு பேர் கூடிவிட்டார்கள். பிளக்கைப் பார், சோக்கைப் போடு, தள்ளிப் பார் என்று ஆளுக்கொரு வைத்தியம். ஒருவர் குனியப் போனார். சகலை கையை நீட்டித் தடுத்தார்.

"யாரும் தொட வேணாம். என் சகலை பாப்பான். இந்த வண்டியோட கோளாறு அவனுக்குத்தான் தெரியும்."

முகம் சுட்டது. மண்டியிட்டு உட்கார்ந்தேன். பிளக் சரியாக இருந்தது. குழாய் சுத்தமாக இருந்தது. டாங்குக்கு அடியிலுள்ள பெட்ரோல் டேப் மூடியிருந்தது.

டேப்பைத் திறக்காமல் யாராவது கிக்கரை உதைப்பார்களா? அதுவும் இவர்? காலைத் தூக்கிப் போடுவதற்கு முன்னாலேயே அவர் கை தானாக அங்கே போய்விடும். அடியில் தொட்டுப் பார்த்தேன். கார்பரேட்டரில் மிச்சம் கிடக்கும் பெட்ரோலைக்கூட வடித்து வைத்திருந்தார். அதைத் தற்செயலாக யாரும் செய்ய மாட்டார்கள்.

டேப்பில் விரலை வைத்துக்கொண்டே நிமிர்ந்தேன். அவர் வண்டியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணில் அப்படி ஒரு பயம். பஸ் ஓட்டிய அந்த மனுஷரின் கண்ணில் அதை நான் பார்த்ததே இல்லை.

விரலை எடுத்துவிட்டேன்.

"இன்னிக்கு ஆகாது சகலை. உள்ள பெரிய வேலை இருக்கும் போல. மொத்தமா பிரிச்சுத்தான் பாக்கணும்."

"அப்படியா சொல்ற?"

"ஆமா."

"சரி. நீ சொன்னா சரிதான்" என்று சொல்லிவிட்டு இழுத்துப் பிடித்திருந்த மூச்சை விட்டார். சுற்றி நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். என்னை மட்டும் போகச் சொன்னார்கள், நான் போகவில்லை. எல்லா வண்டியும் கிளம்பிப் போய்ப் புகை அடங்கும்வரை இரண்டு பேரும் மைதானத்து மதிலில் உட்கார்ந்திருந்தோம்.

"அன்னிக்குத் தெருவுல விழுந்தப்ப, எப்படி விழுந்தேன்னே தெரியல. அதான் பயமாயிடுச்சு" என்றார். "வண்டி நிறைய ஜனத்த வச்சு ஓட்டினப்ப கூட எனக்கு இப்படி இருந்ததில்ல. வர மாட்டேன்னு சொல்ல வாய் வரல. நீ ஏதாவது பண்ணி வச்சிருப்பேன்னு நம்பிக்கிட்டே இருந்தேன். நேத்து பாத்தா எல்லாம் சரியா இருக்கு. நல்ல நேரத்துல திருந்தின போ!"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவர் முதுகில் கை வைத்தேன். சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"அக்காகிட்ட நான் சொல்லட்டுமா சகலை?"

"வேணாம். நானே சொல்றேன். நீ பக்கத்துல நில்லு."

நின்றேன். எனக்கும் சேர்த்துத்தான் திட்டு விழுந்தது. திட்டி முடித்து அக்கா அழுதார். அப்புறம் என் மனைவியையும் கூட்டிக்கொண்டு நாலு பேரும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம்.

ஜூலை 2, புதன்

இதயம் நடுநடுவே துடிப்பதை நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறதாம். நெஞ்சில் சின்னக் கருவி வைத்தால் சரியாகிவிடும் என்கிறார் டாக்டர். "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா" என்று ஆரம்பித்தவர் அக்கா முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

ஜூலை 9, புதன்

கருவியை வைத்தாயிற்று. கண் விழித்ததும் என்னைக் கூப்பிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "இதுக்கு பிளக் எங்க இருக்கு?"

வெளியே வந்து வராந்தாவில் நின்று நன்றாக அழுதேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

டாக்டர் இன்னும் சில மாதம் ஓட்டக் கூடாது என்றிருக்கிறார். வண்டியை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று அக்காவே சொல்லிவிட்டார். ஆனால் நிற்கிற வண்டி வீணாகப் போய்விடும் என்று சகலை காலையிலிருந்து நச்சரித்தார். கடைசியில் சாவியை என் கையில் வைத்துவிட்டு, பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பின்சீட்டு! டயர் பாதி அமுங்கியது. அக்கா வாசலில் நின்று, "பின்னாடி ஆள் இருக்கான்னு பாத்துட்டுப் போங்க தம்பி" என்றார்.

தெருவைத் தாண்டும் முன்பே ஆரம்பித்துவிட்டார். கியரை மாற்று, ஓரமாகப் போ, ஹார்ன் அடி, எதுக்கு இப்போது ஹார்ன். பாலத்து இறக்கத்தில் வண்டி வேகம் பிடித்தது. பின்னால் திடீரென்று பேச்சில்லை. என் நெஞ்சு நின்றுவிட்டது.

"சகலை? என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணல, நீ ரோட்டப் பாரு. நீ ஓட்டறதுதான் பயமா இருக்கு."

வீடு வந்து சேரும்வரை, அந்தப் பெரிய கையால் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தார்.