உனக்கு ஒன்று, எனக்கு இரண்டு

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன், கடிதம் என்றால் எழுதியாக வேண்டுமே என்று எழுதுகிற ‘நன்றாக’ இல்லை இது, இதய டாக்டர் என்னை மெஷின் மேல் நடக்கவிட்டு மூச்சு வாங்கவைத்துப் பார்த்துச் சொன்னது. நீ நலமா என்று நான் கேட்கப் போவதில்லை. நீ எந்த அழகில் இருக்கிறாய் என்பதை நீ கட்டிக்கொள்ள இருந்த கண்ணாடிக் கடைப் பெண் போனில் சொல்லிவிட்டாள். ஆமாம், அவளேதான், முழிக்காதே. உன்னிடம் போனில் பேசினால் பாதியில் மீட்டிங் இருக்கும்மா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், கடிதத்துக்கு நடுவே உன்னால் குறுக்கே பேச முடியாது பார். நீயும் உட்கார்ந்து படி. பஸ்ஸில் நின்றுகொண்டு அரைகுறையாகப் படிக்காதே, அரைகுறையாகப் படித்ததில் வந்த வினைதான் இவ்வளவும்.

நம் சலவைக் கடைச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபத்தில் மறந்துபோகும். பெரிய மெஷினின் பெல்ட் மறுபடியும் அறுந்தது, மூலைத் தெரு ஓட்டலின் படுக்கை விரிப்பு அத்தனையும் கையால்தான் பிழிந்தோம். நீராவி என்று நாம் கூப்பிடுகிற நம் இஸ்திரிக்காரர் அந்த பெல்ட்டைத் திட்டிய திட்டில் பக்கத்துச் சாவிக் கடைக்காரர் கதவைச் சாத்திக்கொண்டார். மாடியில் புதுக் கம்பி கட்டியிருக்கிறோம், துணி இப்போது தரையில் உரசுவதில்லை. உன் பழைய அறையில் பொத்தான் டப்பாக்களை வைத்திருக்கிறேன், நீ வந்தால் எடுத்துவிடுவேன், வராவிட்டால் பொத்தான்களாவது நிம்மதியாக இருக்கட்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் பிறந்தநாளுக்கு நீ என்ன அனுப்பினாய் என்று ஞாபகம் இருக்கிறதா? ஊரில் மற்ற பிள்ளைகள் அம்மாவுக்குக் கைக்கடிகாரம் அனுப்புகிறார்கள், செருப்பு அனுப்புகிறார்கள், என் பிள்ளை எச்சில் துப்ப ஒரு குழாய் அனுப்பினான். மரபணுவைப் பார்த்து நமக்கென்றே சாப்பாடும் தூக்கமும் உடற்பயிற்சியும் எழுதித் தருவார்கள்மா, நானும் எனக்கு ஒன்று வாங்கியிருக்கிறேன் என்றாய். பிள்ளை ஆசைப்படுகிறானே என்று நானும் துப்பினேன். ஆனால் நம் கடைக்குள் வருகிற எதுவும் குறி போடாமல் அடுத்த கைக்குப் போகாது என்பது உனக்குத் தெரியும், தலையணை உறையிலிருந்து டாக்டர் கோட்டு வரைக்கும் அப்படித்தான். குழாய் யாருடையதோடும் மாறிவிடக் கூடாதே என்று நான் அந்த அழியாத மையை எடுத்து, அதன் மேல் ஒட்டியிருந்த கோடு கோடான சீட்டின் நடுவிலேயே நம் வீட்டுக் குறியைப் பெரிதாகப் போட்டு அனுப்பிவிட்டேன். அந்த மை எத்தனை துவைப்புக்கும் அசையாது, கம்பெனிக்காரனிடமா அசையும்? சீட்டைப் படிக்க முடியவில்லை, வேறு குழாய் அனுப்புகிறோம் என்று எழுதினார்கள். நீராவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், "எச்சிலுக்கே சலவைக் குறி போட்ட ஒரே ஆள் நீங்கதான்க்கா" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

அடுத்த குழாய் வந்து, போய், பதில் வர வெகுநாள் ஆனது. அதற்குள் உன் அறிக்கை உனக்கு வந்துவிட்டது. இதயக் குழாய் அடைப்பு, ஆபத்து சராசரியைவிட அதிகம் என்று அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினாய். போனில், "அப்பாவோடதும்மா, எனக்கும் வந்துடுச்சு" என்றாய். சரிடா, டாக்டரைப் போய்ப் பார், இனிமேல் எண்ணெயைக் குறை என்று சொல்லிவிட்டு வைத்தேன். ஆனால் நீ டாக்டரிடம் போகவில்லை. நேராக அந்தப் பெண்ணிடம் போய்க் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாய். இதை நீ என்னிடம் சொல்லவே இல்லை. வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் தாழியை உடைத்துவிட்டு, கைகளைத் துடைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போயிருக்கிறாய்.

உன் வேலை அப்படி. இன்சூரன்ஸ் ஆபீசில் உட்கார்ந்து எந்த வயசுக்காரன் இன்னும் எத்தனை வருஷம் இருப்பான் என்று கணக்குப் போட்டுப் போட்டு, கடைசியில் உனக்கே பாலிசி மறுத்துவிட்டாய்.

அவள் எனக்குப் போன் செய்தபோது அழவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். நல்ல கோபத்தில் இருந்தாள். "எங்கம்மா மாதிரி உன்னைத் தனியா நிக்க விட மாட்டேன்னு சொன்னார் அத்தை, என்னவோ பெரிய தியாகம் பண்ற மாதிரி. எனக்கு அது சரியா இல்லையான்னு ஒரு வார்த்தை கேக்கல. அவரே கேள்வி, அவரே பதில்" என்றாள். பிறகு, "நானும் ஒரு குழாய் வாங்கித் துப்பட்டுமா அத்தை, எனக்குள்ள என்னென்ன இருக்கோ, அதைப் பார்த்தாவது ஜோடி சேருதான்னு பார்ப்பாரா" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, உன்னை இழுத்து இரண்டு அறை விடலாம் போலவும் வந்தது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிறவனை வேறு என்ன செய்வது?

அந்தச் சூட்டோடுதான் என் அறிக்கையும் வந்து சேர்ந்தது. அதன் லட்சணத்தைக் கேள். நான் மாலையில்தான் சுறுசுறுப்பாகிற ஆளாம், விடிவதற்கு முன்னால் கடை திறந்து பாய்லர் பற்றவைக்கிறவளைப் பார்த்துச் சொல்கிறது. உடற்பயிற்சியைத் தொடங்கினால் நடுவிலேயே விட்டுவிடுகிற இயல்பாம். நானா? ஈர விரிப்புகளை மாடிக்குச் சுமந்து சுமந்து உன்னைப் படிக்கவைத்தேனே, நடுவில் எங்கேயாவது விட்டேனா? அந்த வரியைப் படித்ததிலிருந்து குறுக்குச் சந்தில் போகாமல் பாலத்தைச் சுற்றித்தான் தினமும் கடைக்கு நடக்கிறேன், வேண்டுமென்றேதான், அந்தத் தாளின் மூக்கை உடைப்பதற்காக. ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன். எனக்குக் காபி உடம்பிலிருந்து மெதுவாகத்தான் இறங்குமாம், மத்தியானத்துக்கு மேல் குடிக்காதே என்றிருந்தது. விட்டுப் பார்த்தேன், படுத்ததும் தூக்கம் வருகிறது. நல்லதைச் சொன்னால் கேட்டுக்கொள்ள எனக்கு ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை. ஆனால் காபியைப் பற்றிச் சொல்ல வந்த தாள் கல்யாணத்தைப் பற்றிச் சொல்லவில்லையேடா, அதை நீயாகத்தானே எழுதிச் சேர்த்துக்கொண்டாய்.

என் அறிக்கையிலும் அந்த இதய வரி இருந்தது. உன்னுடையதைவிடத் தடித்த எழுத்தில், மிக அதிகம் என்று. எனக்குப் புரியவில்லை. உன் பக்கத்தையும் என் பக்கத்தையும் எடுத்துக்கொண்டு, நாம் கோட்டு துவைத்துக் கொடுக்கிற இதய டாக்டரம்மாவிடம் போனேன். அவர் இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிதானமாகச் சொன்னார். ஒவ்வொரு மரபணுவும் நமக்கு இரண்டிரண்டு இருக்குமாம், ஒன்று அம்மா கொடுத்தது, ஒன்று அப்பா கொடுத்தது. அடைப்புக்கு வழிவிடுகிற அந்த மாற்றம் உனக்கு ஒன்றில்தான் இருக்கிறது. எனக்கு இரண்டிலும் இருக்கிறது. "உங்ககிட்ட இருக்கிற ரெண்டுமே அப்படித்தான்மா, அதனால நீங்க எதைக் கொடுத்திருந்தாலும் பையனுக்கு இதுதான் போயிருக்கும். அவன்கிட்ட இருக்கிறது உங்களோடது. அவங்கப்பா இந்த இடத்துல கொடுத்தது நல்லது" என்றார்.

நான் இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். சொன்னார். அப்புறம் அவர் முன்னாலேயே அழுதுவிட்டேன், வெட்கமெல்லாம் பார்க்கவில்லை. நீ பத்தாம் வகுப்பில் இருந்தபோது மாடியில் விரிப்புகளுக்கு நடுவே விழுந்தாரே உங்கப்பா, அன்றையிலிருந்து இந்த வீட்டில் யாருக்கு நெஞ்சு கரித்தாலும் அவர் ரத்தம் என்றுதானே சொல்லிக்கொண்டிருக்கிறோம். செத்துப்போனவர் மேல் பழி போடுவது சுலபம், அவர் எழுந்து வந்து இல்லை என்று சொல்ல மாட்டார். நீ நடுங்குகிறாயே, அந்த மனிதர் உனக்குக் கொடுத்தது சுத்தமான பங்கு. உன்னிடம் இருக்கிற அந்த ஒன்று என் சொத்து. நான் இரண்டையும் வைத்துக்கொண்டு இத்தனை வயதுக்கு விரிப்பு பிழிந்துகொண்டிருக்கிறேன்.

டாக்டரம்மா அதோடு விடவில்லை, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். இது ஒரு சின்ன இடம்தான், இதுபோல் எத்தனையோ இருக்கிறது, இதை வைத்து உங்கப்பா எதனால் போனார் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன். பாய்லருக்குப் பின்னால் நின்று சிகரெட்டுக்கு மேல் சிகரெட்டாக ஊதுவார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு "சும்மா வாயுடி, போய் வேலையைப் பாரு" என்பார், ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவே இல்லை. அது ரத்தத்தில் வந்தது இல்லை, பிடிவாதத்தில் வந்தது. அந்தப் பிடிவாதம் உனக்கு வந்திருக்கிறதா என்பதற்கு எச்சில் பார்க்கத் தேவையில்லை. அப்பா சின்ன வயதில் போனவர் என்பதால் பையன் கட்டாயம் ரத்தமும் இதயமும் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கு இந்தத் தாளே வேண்டாம் என்றும் டாக்டரம்மா சொன்னார். எனக்குக் கொழுப்பு கூடியிருந்தது, இரவில் ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார், ஒரு நாள் விடாமல் போடுகிறேன். கறை பட்ட சட்டையைக் கறை என்னவென்று பார்த்துத்தான் துவைப்போம், தூக்கிக் குப்பையில் போட மாட்டோம். நீ கறையைப் பார்த்தாய், துவைக்கவில்லை, நேரே குப்பைக்குப் போய்விட்டாய்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன், இதுவரைக்கும் எழுதியது கோபம் என்று நினைத்துவிடாதே. எங்கம்மா மாதிரி தனியாக நிற்க விடமாட்டேன் என்றாயாம். எங்கம்மா மாதிரி என்றால் என்னடா அர்த்தம்? என்னைப் பார்த்து நீ பரிதாபப்பட்டுக்கொண்டா வளர்ந்தாய்? உங்கப்பாவோடு எனக்குப் பத்தொன்பது வருஷம் கிடைத்தது. அதில் சண்டை போட்ட நாள்தான் அதிகம், ஒருமுறை சோப்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றியிருக்கிறேன், அப்படியே நுரையோடு நின்று சிரித்தார் மனிதர். அவர் போனபோது உலகமே இருட்டிப்போனது, இல்லை என்று சொல்லவில்லை, இன்றைக்கும் சில நாள் விரிப்பின் அந்தப் பக்கம் நிற்கிறார் போலத் தோன்றி, நீக்கிப் பார்க்கிறேன். ஆனால் யாராவது முன்கூட்டியே ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டி, பத்தொன்பதுதான் கிடைக்கும், வேண்டுமா வேண்டாமா என்று என்னிடம் கேட்டிருந்தால், போதாது, ஆனாலும் கொடு என்று கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போயிருப்பேன். அந்தக் கணக்கைப் போட வேண்டியவள் நான். எனக்காக வேறு யாரும் போடக் கூடாது, அவரே ஆனாலும் கூடாது. விட்டுவிட்டுப் போனவரின் பெண்டாட்டி எப்படி இருப்பாள் என்று தெரிந்துகொள்ள உனக்கு ஆசை இருந்தால், உலகத்திலேயே அதைச் சொல்லத் தகுதியான ஆள் உன் அம்மாதான், என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?

ஆகவே இப்போது நான் சொல்வதைச் செய். முதலில் டாக்டரைப் பார், என்ன சொன்னார் என்று எனக்கு ஒளிக்காமல் சொல். பிறகு கண்ணாடிக் கடைக்குப் போ. போய் முடிவைச் சொல்லாதே, கேள். எனக்கு இது இருக்கிறது, உனக்குச் சம்மதமா என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நில். அவள் வேண்டாம் என்றால் அது அவள் உரிமை, தலைகுனிந்து வந்துவிடு, நானும் அவளை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். என் பேச்சைக் கேட்டு அவள் சம்மதிக்கவும் வேண்டாம், அதை அவளிடமே சொல்லிவிட்டேன். அதற்கு அவள், "நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் அத்தை, அவரைக் கேக்கச் சொல்லுங்க, போதும்" என்றாள். எனக்கு என்னவோ பதில் தெரியும். உனக்கும் தெரியும், அதனால்தான் கேட்கப் பயந்தாய்.

நீங்கள் இருவரும் பல்லாண்டு நன்றாக இருக்க வேண்டும், கிடைக்கிற ஆண்டு எத்தனையோ அத்தனையும் சண்டையும் சிரிப்புமாகச் சேர்ந்தே இருக்க வேண்டும், அம்மாவின் ஆசீர்வாதம் இருவருக்கும் உண்டு. வெயிலில் அலையாதே, ராத்திரி கண்விழித்துத் தாள்களைப் படிக்காதே, மத்தியானத்துக்கு மேல் காபி குடிக்காதே. பொத்தான் டப்பாக்களை நாளைக்கே எடுத்துவிடுகிறேன், வரும்போது இரண்டு பேராக வா.

இப்படிக்கு,
ஒன்றை உனக்குக் கொடுத்த பிறகும் இரண்டோடும் நிற்கிற
உன் அம்மா