ஐம்பத்து நான்கு படிகள்

அன்பு மகளுக்கு,

வியாழக்கிழமை என் வலது முழங்கால் மூட்டை மாற்றப் போகிறார்கள். பதறாதே, முழுவதும் படித்துவிட்டுப் போன் செய்.

எலும்பு டாக்டரிடம் எக்ஸ்ரேயைப் பார்த்துக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு இருக்கிறது. என் பழைய படங்களையும் புதியதையும் அதற்குக் கொடுத்தார். சிகிச்சைக்குப் பிறகு மூன்று மாடி ஏற முடியுமா என்று கேட்டேன். நூற்றுக்கு அறுபத்தொன்றுதான் வாய்ப்பு என்றது.

"கம்மிதான் டீச்சர், யோசிச்சுக்கோங்க."

"முப்பத்தஞ்சுக்கே பாஸ் போட்டவ நான். தேதியச் சொல்லுங்க தம்பி."

சிரித்தவர் திரையை என் பக்கம் திருப்பினார். "ஆறு வருஷத்துக்கு முன்னாடி எடுத்த படத்துல தேய்மானமே இல்லேன்னு சொல்லுது. அப்பல்லாம் மாடி நல்லா ஏறியிருப்பீங்களே?"

நீயாகக் கல்யாணம் செய்துகொண்டு மூன்றாம் மாடியில் குடியேறி என்னை அழைத்த மாதம், என் சாக்குக்குச் சாட்சி வேண்டுமென்று எடுத்த படம் அது. முட்டி வலி, லிஃப்ட் இல்லாத வீட்டுக்கு எப்படி வருவேன் என்றேன். "சரிம்மா" என்று போனை வைத்துவிட்டாய். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகள் வயிற்று வலி என்பார்கள். நானும் நம்பியதுபோல் இருந்துவிடுவேன். ஆறு வருஷமாக நீ அதைத்தான் செய்திருக்கிறாய்.

இப்போது வலி நிஜம். ஆனாலும் வருகிறேன். ஐம்பத்து நான்கு படி என்று நீ அன்று சொன்னதை, நடைப்பயிற்சி தரும் பெண்ணிடம் சொல்லிவிட்டேன். மூன்று மாதம் ஆகுமாம்.

மாப்பிள்ளையிடம் சொல்லி இரண்டாம் மாடியில் ஒரு நாற்காலி போட்டுவை. ஆமாம், மாப்பிள்ளை என்றுதான் எழுதியிருக்கிறேன்.

அம்மா