பழைய போல்ட்டுகள் குறித்துத் தம்பிக்கு

தம்பி,

உன்னோடு பேசும் பொறுமை இன்று எனக்கில்லை. ஆகவே எழுதி வைத்துச் செல்கிறேன். சாப்பாடு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது. கார்ச் சாவி என் பையில் உள்ளது. தேடி வீட்டைக் கலைக்காதே.

நேற்று நீ பந்தயக் காரின் என்ஜினில், பிஸ்டனைச் சுழல்தண்டோடு இணைக்கும் புதிய கனெக்டிங் ராடுகளில் பழைய போல்ட்டுகளையே பூட்டியிருந்தாய். விடியற்காலையில் எட்டையும் கழற்றி அளந்தேன். இறுக்கும்போது சற்று நீளும் போல்ட்டு, தளர்த்தியதும் தன் பழைய நீளத்திற்குத் திரும்ப வேண்டும். மூன்று திரும்பவில்லை. நிமிடத்திற்கு எட்டாயிரம் சுற்று வேகத்தில் அவற்றுள் ஒன்று அறுந்தாலும், ராடு என்ஜினைப் பொத்துக்கொண்டு வெளியே வரும்.

"போல்ட்டுன்னா போல்ட்டுதான்க்கா! நாலு புத்தகம் படிச்சிட்டு எனக்கே பாடம் எடுக்கிறியா?" என்று நேற்று நான் தடுத்தபோது பட்டறையே கேட்கும்படி சிரித்தாய். ஆம், நாற்பத்தாறு வயதில்தான் படித்தேன். படித்ததனால்தான் அளந்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் அந்தக் காரை ஓட்டவிருப்பவள் என் மகள்; உனக்கு மருமகள்.

பதினோரு மணிக்குக் கடைக்காரர் புதிய போல்ட்டுகளைக் கொண்டுவருவார். கையெழுத்திட்டு வாங்கி வை. பொட்டலத்தைப் பிரிக்காதே. பூட்டப்போவது நான்.

பின்குறிப்பு: நீண்டுபோன போல்ட்டு ஒன்றையும், நீளம் அளக்கும் மைக்ரோமீட்டரையும், அவை புதிதாக இருந்தபோது எடுத்த அளவுகள் எழுதிய தாளையும் உன் தட்டில் வைத்துள்ளேன். தட்டைக் கழுவிவிட்டுச் சாப்பிடு, எண்ணெய்ப் பிசுக்கு.

இன்னொன்று: அளந்து பார்த்த பிறகும் "போல்ட்டுன்னா போல்ட்டுதான்" என்று சொல்ல உனக்கு வாய் வருமானால், என்னிடம் வேண்டாம். மாலை ஐந்து மணிக்கு உன் மருமகள் வருவாள். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்.

அக்கா