றோசலின் வந்தால் மட்டும் வரும் பசி

லிந்துலை,
2025.03.11, செவ்வாய்க்கிழமை,
முற்பகல் 9.20.

அன்பு மகள் பிரேமினிக்கு,

அப்பா ஆசியுடன் எழுதுவது. நீயும் மருமகன் நிரோஷனும் மெல்பேர்னில் தேகசுகத்தோடு இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன். இங்கே நான் சுகம், உன் அம்மாவின் சுகத்தைப் பற்றித்தான் இக்கடிதம் முழுவதும். தினமும் வீடியோவில் பேசும் மகளுக்குக் கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். நீ அழைப்பது இங்கே முற்பகல் பத்தே முக்காலுக்கு. அந்நேரம் தொலைபேசி உன் அம்மாவின் கையில், உன் சத்தம் வீடு முழுக்க, பக்கத்தில் திருமதி றோசலின். நான் சொல்ல வேண்டியதோ அவரைப் பற்றியது. ஆகவே தபால். இதற்கு முன் நான் உனக்குக் கடிதம் எழுதியது 2019.08.17 சனிக்கிழமை. அதற்குப் பதில் வரவில்லை என்பதை நினைவூட்டுகிறேன், குறையாகச் சொல்லவில்லை.

ஜனவரி 20 திங்கட்கிழமை அம்மாவுக்குப் பித்தப்பைச் சத்திரசிகிச்சை நடந்ததும், 24 வெள்ளிக்கிழமை அவள் வீடு திரும்பியதும் நீ அறிந்ததே. வந்த நாள் முதல் சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். 47 கிலோவாக இருந்தவள், பெப்ரவரி 1 சனிக்கிழமை கிளினிக்கில் நிறுத்தபோது 42. நேரம் பார்த்து ஊட்டாதீர்கள், பசி வரும்போது சாப்பிடட்டும், ஆனால் பசி வரும் நேரத்தில் சாப்பாடு கைக்கெட்ட இருக்க வேண்டும் என்று தாதி சொன்னார். முதியோர் இல்லத்துச் சமையற்கூடத்தில் வேலை செய்யும் நீயும் அன்றிரவு அதையே சொன்னாய். ஞாயிறன்று ஒரே தடவையாகப் பருப்பை அவித்து, போஞ்சியையும் கரட்டையும் அரிந்து, ரொட்டி மாவைப் பிசைந்து உருட்டி, தேங்காய்ச் சம்பல் அரைத்து, எல்லாவற்றையும் தனித்தனிப் பெட்டிகளில் போட்டுக் குளிரில் வைத்துவிட வேண்டும், பிறகு யாருக்கு எப்போது எது வேண்டுமோ அதை எடுத்துச் சூடாக்கிக்கொள்ளலாம், இதைச் சாப்பிடு என்றும் இவ்வளவு சாப்பிடு என்றும் யாரும் யாருக்கும் சொல்லக்கூடாது, வயிறே சொல்லும் என்றாய். மறுநாளே, 2025.02.02 ஞாயிறு, நான் ஆரம்பித்தேன். சம்பல் மூன்று நாளுக்கு மேல் தாங்காது என்பதால் புதன்கிழமையையும் நானாகச் சேர்த்துக்கொண்டேன். எழுபத்திரண்டு வயதில் தேங்காய் துருவப் பழகியிருக்கிறேன், இடது பெருவிரலில் அதற்கான தழும்பு இருக்கிறது. நீ அனுப்பிய பெட்டிகள் ஒவ்வொன்றிலும் உள்ளே இருப்பது, செய்த திகதி, முடிக்க வேண்டிய திகதி மூன்றையும் எழுதி ஒட்டினேன். இதையெல்லாம் உன் அம்மா உன்னிடம் சொன்னாளா என்பது எனக்குத் தெரியாது.

பெட்டிகள் தயாராக இருந்தன, பசிதான் வரவில்லை. நீ சொன்னபடி நான் எதுவும் கேட்கவில்லை, வற்புறுத்தவில்லை. எதிரில் உட்கார்ந்து, எத்தனை வாய் சாப்பிடுகிறாள் என்று ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டேன், அவ்வளவே. 3ஆம் திகதி நான்கு வாய், 4ஆம் திகதி மூன்று. 5ஆம் திகதி புதன்கிழமை முற்பகல் 10.35க்கு றோசலின் வந்தார். தேயிலை மலையில் உன் அம்மாவுக்கு அடுத்த நிரையில் இருபத்தாறு வருடம் கொழுந்தெடுத்தவர் என்பதும், இப்போது கீழ் லயத்து வரிசை வீட்டில் மகனோடு இருக்கிறார் என்பதும் உனக்குத் தெரியும். வந்தவர் உடம்பு வருத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. யாரையும் கேளாமல் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, “என்னாடி நாகு, அண்ணே மருந்துக் கடையா போட்டிருக்காரு, எல்லாத்துலயும் சீட்டு ஒட்டிருக்கு” என்று உன் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். இரண்டு ரொட்டி சுட்டு, சம்பலைப் பெட்டியின் மூடியிலேயே கொட்டி, நின்றபடியே பிய்த்துத் தின்னத் தொடங்கினார். படுத்திருந்த உன் அம்மா எழுந்து போய் அதே மூடியிலிருந்து ஒன்றரை ரொட்டி சாப்பிட்டாள். ஒன்றரை! அந்தப் பெட்டியில் “புதன் பகல், இருவருக்கும்” என்று நான் எழுதியிருந்தேன். 12.30க்கு இரண்டு தட்டு வைத்து உட்கார்ந்தபோது, “எனக்குப் பசிக்கலீங்க, நீங்க சாப்புடுங்க” என்றாள்.

அன்று முதல் ஒவ்வொரு நாளும் இதே கதை. நான் அரிந்து, நான் அவித்து, நான் அரைத்தது, பசி மட்டும் அவர் வந்தால் வருகிறது. இதற்குப் பொறாமை என்று நீ பெயர் வைத்தால் நான் மறுக்கப் போவதில்லை. நாங்கள் திருமணம் செய்தது 1979.06.10 ஞாயிற்றுக்கிழமை. நாற்பத்தைந்து வருடமாக ஒரு வீட்டில் இருக்கிறோம். கொழுந்து வாட்டும் தேயிலை ஸ்டோரில் வேலை செய்த காலம் முழுவதும் பன்னிரண்டரைச் சங்குக்கு நான் திறந்த சாப்பாட்டுப் பெட்டி அவள் விடியுமுன் கட்டித் தந்தது. இரவு ஏழு மணிக்கு எனக்குப் பரிமாறிவிட்டு, அவள் அடுப்படியில் பிறகு சாப்பிடுவாள். அவள் பசியோடு சாப்பிடுவதை நான் முதன்முதலாகப் பார்த்தது, கடந்த மாதம் 5ஆம் திகதி, இன்னொருவருடைய கையிலிருந்து. இது எந்த மனிதனுக்கும் ஏற்றுக்கொள்ளக்கூடியதா என்று நீயே சொல். 12ஆம் திகதி, அவர் வருவதற்குப் பத்து நிமிடம் முன்னதாக, நானும் ஒரு ரொட்டியை மூடியில் வைத்து, நின்றபடியே அவளிடம் நீட்டினேன். “என்னாங்க, வீட்டுல தட்டு இல்லையா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இனி எழுதப்போவதை நீ அம்மாவிடம் சொல்லக்கூடாது. பெப்ரவரி 26 புதன்கிழமை மகா சிவராத்திரி. நான் 10.25க்கே வாசலில் போய் நின்றுகொண்டு, நாகலெட்சுமி இன்று விரதம், எவரோடும் சாப்பிடமாட்டாள் என்று றோசலினிடம் சொன்னேன். சத்திரசிகிச்சை செய்த உடம்புக்கு விரதம் கிடையாது, அவளும் இருக்கவில்லை. அவர் மாதாவை வணங்கும் மனுசி, நம் விரதத்துக்கு மரியாதை வைத்து, “தெரியாம வந்துட்டேன் அண்ணே” என்று அப்படியே திரும்பிப் போனார். வியாழனும் வெள்ளியும், விரதம் நீடிக்கிறது என்றேன். சிவன் பெயரால் பொய் சொன்னது என் வாழ்வில் இந்த மூன்று நாள்தான். உன் அம்மா பத்தரை ஆனதும் கதவைப் பார்ப்பாள். “றோசலினுக்கு மேலுக்கு முடியலியோ” என்று கேட்டாள், தெரியாது என்றேன். புதன் இரண்டு வாய், வியாழன் ஒரு வாய், வெள்ளி வெறும் தேத்தண்ணி. மார்ச் 1 சனிக்கிழமை கிளினிக்கில் முள் 40க்கும் கீழே நின்றது. இன்னும் இறங்கினால் மறுபடி வாட்டில் சேர்க்க வேண்டிவரும் என்றார்கள்.

அவளை வீட்டில் படுக்க வைத்துவிட்டு, பிற்பகல் 2.15க்குக் குடையை எடுத்துக்கொண்டு கீழ் லயத்துக்கு இறங்கினேன். றோசலின் துணி துவைத்துக்கொண்டிருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்து, “ஒங்க வீட்டுல சிவராத்திரி நாலு நாளாண்ணே?” என்றார். அவர் முதலிலேயே தெரிந்துகொண்டிருக்கிறார். நான் உண்மையைச் சொன்னேன். சொல்லும்போது மழை, அவர் உள்ளே வரச் சொல்லவில்லை. பிறகு சொன்னார், “ஸ்டோருல மணிக்கொருக்கா இலை வாடிருச்சான்னு தொட்டுப் பாத்துப் பாத்து எழுதுன ஆளு நீங்க. பொண்டாட்டியயும் அப்பிடியே பாத்துக்கிட்டு ஒக்காந்தா அவ எங்குட்டு சாப்புடுறது? மலையில எங்க வாய யாரு எண்ணுனா?” அவர் கையைத் துடைத்துக்கொண்டு, செருப்பைத் தேடாமல், எனக்கு முன்னால் ஏறிப் போனார். அன்று ஒரு ரொட்டியும் கொஞ்சம் பருப்பும் இறங்கின. நான் செய்ததை அவர் உன் அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. அந்தப் பெரிய மனதும் அவரிடம்தான் இருக்கிறது என்பது எனக்குத் தாங்கவில்லை.

கொப்பியை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். பத்தரைக்கு நான் வீட்டோரத்து லீக்ஸ் பாத்திக்குப் போய்விட வேண்டும் என்பது றோசலினின் கட்டளை. உள்ளே இருவரும் சிரிப்பது பாத்திவரை கேட்கிறது, என்ன பகிடி என்று இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. மார்ச் 5ஆம் திகதி அவருக்குத் தவக்காலம் தொடங்கியது. 7ஆம் திகதி வெள்ளிக்கிழமை மாதா கோவிலில் சிலுவைப்பாதை என்று அவர் வரவில்லை. அன்று நான் பாத்தியில் புல் பிடுங்கிக்கொண்டிருந்ததில் பன்னிரண்டரை கடந்துவிட்டது. உள்ளே வந்தபோது வயிற்றுக்குள் ஏதோ பிடித்து இழுக்கிறது. இது பசி என்று விளங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது, நான் இவ்வளவு காலமும் சாப்பிட்டது மணிக்காக. தட்டுத் தேடப் பொறுமை இல்லை. காலையில் சுட்ட ரொட்டியைக் குளிராகவே எடுத்து, சம்பலை மூடியில் கொட்டி, குளிர்சாதனப் பெட்டிக் கதவைக்கூடச் சாத்தாமல் தின்றுகொண்டிருந்தேன். “தள்ளுங்க” என்று ஒரு கை மூடிக்குள் வந்தது. உன் அம்மா. ஒரு துண்டு பிய்த்தாள், இன்னொன்று பிய்த்தாள், “உப்பும் இல்ல ஒறைப்பும் இல்ல, இதயா அந்த றோசலினு இத்தன நாளும் வாயத் தொறக்காம தின்னா? ஞாயித்துக்கெழம நாந்தான் அரைப்பேன்” என்றாள். மூடி காலியாகும்வரை இருவரும் நின்றே சாப்பிட்டோம். அவள் எத்தனை வாய் சாப்பிட்டாள் என்று எண்ணவில்லை. மணியும் பார்க்கவில்லை, மழை விட்டிருந்தது, அது மட்டும் தெரியும்.

சொன்னபடி 9ஆம் திகதி ஞாயிறு அம்மிக்கு முன்னால் பலகையைப் போட்டு உட்கார்ந்து அவளே அரைத்தாள், நான் தேங்காய் துருவிக் கொடுத்தேன். நேற்று கிளினிக்கில் 40.8. அதிகமில்லை, ஆனால் ஏறியிருக்கிறது. வெள்ளிக்கிழமை நடந்ததை மட்டும் நீ றோசலினிடம் சொல்லிவிடாதே, அது எங்கள் வீட்டு விடயம். அழைக்கும்போது, றோசலின் ஆன்டி என்ன செய்து தந்தாங்க என்று முதல் கேள்வி கேட்பதையும் நிறுத்து, தேங்காய் துருவியது யார் என்று கேள். நீயும் ஊராருக்கெல்லாம் பெட்டி கட்டிவிட்டு, நீயொரு பக்கம் நிரோஷன் ஒரு பக்கம் போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவதாக அம்மா சொன்னாள். வாரத்தில் ஒரு நாளாவது ஒரே பாத்திரத்தில் சாப்பிடுங்கள். நீல மூடி ஒன்று வெடித்துவிட்டது, அடுத்த பொதியில் இரண்டு மூடி வைத்து அனுப்பு. பதிலைத் தபாலிலேயே அனுப்பு, உறையின் மேல் என் பெயர் மட்டும் இருக்கட்டும்.

இப்போது 10.40. இதைப் பாத்தி ஓரத்துக் கல்லில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே சிரிப்புச் சத்தம். “அண்ணே, ரொட்டி ஆறுது, வர்றீங்களா இல்லியா” என்று றோசலின் கூப்பிடுகிறார், அதற்கு மேலே உன் அம்மாவின் குரல், “அவருக்குப் பன்னெண்டரைக்குத்தாண்டி பசிக்கும்.” உண்மைதான், எனக்கு இப்போது பசி இல்லை. இருந்தாலும் அந்த மூடியை அவர்கள் இருவருக்கும் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது, போகிறேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இன்றி, வயிறும் மனமும் நிறைந்து வாழ முருகன் துணையிருப்பான்.

என்றும் உன் நலம் நாடும் அப்பா,
சி. அழகுமுத்து.