அன்புடன், உதவிப் பிரிவு

மார்ச் 4, செவ்வாய்

இன்று நாற்பத்தேழு பேருக்குப் பதில் போட்டேன். இந்த டிஜிட்டல் நாணய ஆப் டெஸ்க்குக்கு மாற்றி ஒரு மாதம் ஆகிறது. விமான டிக்கெட் டெஸ்க்கில் இருந்தபோது பெட்டியைத் தொலைத்தவர்கள் எழுதுவார்கள். பெட்டி எங்காவது கிடக்கும், இரண்டு நாளில் வந்து சேரும். இங்கே எழுதுகிறவர்கள் தொலைத்தது எதுவும் வந்து சேர்வதில்லை.

ஒருவர் பிட்காயினைக் கையில் வாங்க எந்தக் கிளைக்கு வர வேண்டும், அடையாள அட்டை போதுமா என்று கேட்டிருந்தார். இன்னொருவருக்கு, அனுப்பிய தொகையைவிட அனுப்பும் கட்டணம் அதிகமாக இருக்கிறதே, இது நியாயமா என்று சந்தேகம். நியாயமில்லைதான். ஆனால் அந்த வாக்கியம் என் பட்டியலில் இல்லை. ஒரு அம்மா, பழைய வரவுசெலவிலிருந்து மகனின் கணக்கு முகவரியை, அந்த நீளமான எழுத்து வரிசையை, நகலெடுத்துப் பணம் அனுப்பியிருக்கிறார். முதல் நாலு எழுத்தும் கடைசி நாலு எழுத்தும் சரி. நடுவில் வேறு யாரோ. அப்படி ஒத்துப்போகிற மாதிரி ஒரு முகவரியைச் செய்து, அவர் கண்ணில் படுகிற இடத்தில் போட்டுவிட்டுக் காத்திருந்திருக்கிறார்கள்.

என்ன கேட்டாலும் கம்பெனி எழுதிக் கொடுத்த பதில்களில் ஒன்றைத்தான் எடுத்து ஒட்ட வேண்டும். சொந்தமாக ஒரு வரி எழுதினாலும் மார்க் குறையும். எல்லாப் பதிலும் முடிவது ஒரே மாதிரி: அன்புடன், உதவிப் பிரிவு.

வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றவில்லை, அதற்குள் என் வீட்டுக்காரர் கேட்டார்: "ஒரு ஆப்ல பாலன்ஸ் காட்ட மாட்டேங்குதுன்னா யாரைக் கேக்கணும்?"

போன் ரீசார்ஜ் விஷயமாக இருக்கும். "ஹெல்ப்லைன் நம்பர் இருக்கும், தேடிப் பாருங்க. எனக்குத் தலை பிளக்குது" என்றேன்.

சரி என்றார்.

மார்ச் 6, வியாழன்

அவர் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. இடுப்பு வலியா என்றேன். ஆமாம் என்றார்.

மார்ச் 8, சனி

விடுமுறை. துணி துவைத்தேன், தூங்கினேன், எழுந்து மறுபடி தூங்கினேன். மகள் ஹாஸ்டலிலிருந்து போன் செய்தாள், கல்லூரிக் கட்டணத்துக்கு இருபத்தெட்டாம் தேதி கடைசி நாளாம். அப்பா பார்த்துப்பார் என்றேன். அவர் லிஃப்ட் குழியில் விழுந்து வேலையை விட்டபோது கம்பெனி கொடுத்த நஷ்டஈடு அவர் பெயரில் பேங்கில் இருக்கிறது. அதை எடுக்கவே மனசு வராது அவருக்கு.

மார்ச் 11, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி மெதுவாக எழுதுகிறேன்.

பதினொன்றரை மணிக்கு ஒரு புதுக் கடிதம் என் பக்கம் வந்து விழுந்தது. தமிழில் வருவதற்கு நாங்கள் மூன்று பேர்தான். மேலே பெயர், அதன் கீழே போன் நம்பர். இருபத்திரண்டு வருடமாக எனக்கு மனப்பாடமான நம்பர்.

லிஃப்ட் பரிசோதனை ரிப்போர்ட் எழுதிப் பழகியவர், அதே பாணியில் எழுதியிருக்கிறார். "மேற்படி செயலியில் கடந்த எட்டு மாதங்களாக எனது நஷ்டஈட்டுத் தொகையில் பாதியைப் போட்டு வைத்திருந்தேன். நாலாம் தேதி மாலை இருப்புத் தொகை காட்டவில்லை. இணையத்தில் தேடி ஒரு உதவி எண்ணுக்கு அழைத்தேன். பேசிய அதிகாரி, சரிபார்ப்புக்காகப் பன்னிரண்டு சொற்களையும் ஒரு பக்கத்தில் நிரப்பச் சொன்னார். நிரப்பினேன். பத்து நிமிடத்தில் அனைத்தும் போய்விட்டது. தயவுசெய்து ஆவன செய்யவும்."

கணக்கு தொடங்கும்போது ஆப் கொடுக்கிற பன்னிரண்டு சொற்கள். மரம், கதவு, நாற்காலி மாதிரி சாதாரண வார்த்தைகள். அது யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் பணம். கம்பெனிக்குக்கூட அது தெரியாது. யாருக்கும் சொல்லாதீர்கள் என்று நான் ஒரு நாளைக்கு இருபது தடவை ஒட்டுகிறேன். ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் ஒட்டுகிறேன்.

தேடிப் பாருங்க என்று சொன்னது நான். போலி நம்பர்தான் முதலில் வந்து நிற்கும் என்று தெரிந்த நான்.

அவர் அதை எழுதவில்லை. "இணையத்தில் தேடி" என்று மட்டும்தான் இருக்கிறது. மனைவி சொன்னாள் என்று இல்லை.

எந்தக் கம்பெனிக்காக எழுதுகிறோம் என்று வீட்டில்கூடச் சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். நான் இன்னும் விமான டிக்கெட்டுக்குத்தான் பதில் எழுதுகிறேன் என்று அவருக்கு நினைப்பு. சொந்தக்காரர் கடிதம் வந்தால் உடனே டீம் லீடரிடம் சொல்லிக் கைமாற்றிவிட வேண்டும், அதுவும் விதி.

சொல்லவில்லை. பதில் எண் 14-ஐ ஒட்டினேன். "நடந்து முடிந்த பரிமாற்றத்தை எவராலும் திரும்பப் பெற இயலாது. சிரமத்துக்கு வருந்துகிறோம். அன்புடன், உதவிப் பிரிவு."

மார்ச் 12, புதன்

ராத்திரி ஒரே தட்டில் சாப்பிடுகிற அளவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பருப்பில் உப்பு குறைவு என்றார். போட்டுக்கோங்க என்றேன். பதில் எண் 14-ஐ அவர் படித்துவிட்டார், அவர் படித்துவிட்டார் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது.

பாதிப் பணம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? எட்டு மாசம். கோபம் ஏன் இன்னும் வரவில்லை என்று எனக்கே புரியவில்லை. களைப்பாக இருக்கும்போது கோபப்படக்கூட முடியாது போலிருக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

இரண்டாவது கடிதம். கேள்வி எதுவும் இல்லை. இப்படிப்பட்டதை "கருத்து" என்று குறித்து மூடிவிட வேண்டும். மூடுவதற்கு முன் இங்கே எழுதி வைத்துக்கொள்கிறேன்.

"உங்கள் பதில் கிடைத்தது. பரவாயில்லை. ஒரே ஒரு சந்தேகம். அந்த நம்பரில் பேசியவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். நீங்களும் மரியாதையாகவே எழுதுகிறீர்கள். எது அசல் என்று எங்களைப் போன்றவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பது? என் மனைவிக்கு இது தெரியாது. அவளும் உங்களைப் போல ஊராருக்குப் பதில் எழுதும் வேலைதான். வீட்டுக்கு வரும்போது அவளிடம் பதில் எதுவும் மிச்சம் இருக்காது. குறை சொல்லவில்லை. விழுந்த பிறகு அவள் சம்பளத்தில் சாப்பிடுகிறேன். அதைக் கொஞ்சம் சரிக்கட்டலாம் என்றுதான் போட்டேன்."

கழிவறைக்குப் போய்ப் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். ஏன் இவ்வளவு நேரம் என்று டீம் லீடர் கேட்டான். வயிறு சரியில்லை என்றேன்.

என் வீட்டில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிற மனுஷன் ஒரு பத்தி முழுக்கப் பேசியிருக்கிறார். யாரோ ஒரு உதவிப் பிரிவிடம்.

மார்ச் 15, சனி

வீட்டில் இருந்தோம். அவர் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டார். நான் காய் நறுக்கினேன். மூன்று தடவை வாயைத் திறந்தேன். ஒரு தடவை, "பால் தீந்துடுச்சு" என்று முடிந்தது.

மார்ச் 18, செவ்வாய்

மூன்றாவது கடிதம். இன்னொரு ஆள் வந்துவிட்டான்.

வருவான் என்று தெரியும். பணம் போனவர்கள் பட்டியலும் விலைக்குப் போகும். தொலைந்ததை மீட்டுத் தருகிறோம் என்று ஒருவன் செய்தி அனுப்பியிருக்கிறான். வக்கீல், நிபுணர் குழு, முத்திரை போட்ட காகிதம் எல்லாம் இருக்கிறதாம். பத்து சதவீதம் முன்கட்டணம். "இவர்கள் உங்கள் ஆட்களா? நம்பலாமா?" என்று கேட்கிறார்.

பட்டியலைத் தேடினேன். பதில் எண் 22: "மூன்றாம் தரப்புச் சேவைகளுக்கு எங்கள் நிறுவனம் பொறுப்பாகாது." இதைப் படித்துவிட்டு யார் நிற்பார்கள்?

அழித்தேன். நானே எழுதினேன். "ஐயா, இவர்கள் திருடர்கள். போன பணத்தை யாராலும் மீட்க முடியாது. முன்பணம் கேட்கிறவன் எவனாக இருந்தாலும் மோசடிதான். தயவுசெய்து எதையும் அனுப்பாதீர்கள். வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லுங்கள்."

அரை மணி நேரத்தில் டீம் லீடர் பக்கத்தில் வந்து நின்றான். "அக்கா, திருடர்கள்னு எழுதியிருக்கீங்க. அது லிஸ்ட்ல இல்லையே."

"தெரியும்."

"மார்க் போயிடும்க்கா."

"போகட்டும்."

மார்ச் 19, புதன்

மூன்றரை மணிக்குப் பதில் வந்தது. "நீங்கள் கம்பெனி ஆள். முடியாது என்றுதான் சொல்வீர்கள். அவர்கள் முடியும் என்கிறார்கள். மகளின் கல்லூரிக் கட்டணத்தை எடுத்து வைத்திருக்கிறேன். நாளை காலை பத்து மணிக்கு அதை அவர்களுக்குக் கட்டிவிடுவேன். பணம் திரும்பி வந்ததும் கல்லூரிக்குக் கட்டிக்கொள்ளலாம். இதுவரை பொறுமையாகப் பதில் சொன்னதற்கு நன்றி."

நன்றி வேற.

பர்மிஷன் கேட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் நிற்கும்போதுதான் அந்தக் கோபம் வந்தது. இத்தனை நாள் எங்கே இருந்ததோ. யாரோ ஒருத்தன் பேச்சை நம்பி பொண்ணோட பீஸைத் தூக்கிக் குடுப்பாராம், என்கிட்ட வாயத் திறக்க மாட்டாராம் — அப்படியே மனசுக்குள் கத்திக்கொண்டே வந்தேன். வாசலுக்கு வந்ததும் பாதி வடிந்துவிட்டது.

மேஜையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சீக்கிரம் வந்துட்டியே என்றார். பையைக்கூட இறக்கி வைக்கவில்லை நான்.

"மீட்டுத் தர்றேன்னு சொல்றவனுக்கு எதுவும் அனுப்பாதீங்க."

"எவனுக்கு?"

"பத்து பர்சென்ட் முன்னாடியே கேக்கறானே, அவனுக்கு."

போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "என் போனை எடுத்துப் பாத்தியா?"

"இல்ல. நீங்க எழுதினதப் பாத்தேன். பதில் போட்டதே நான்தான். இப்ப அந்தக் கம்பெனிக்குத்தான் எழுதறேன். சொல்லக் கூடாதுன்னு விதி."

அவர் போனைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தார். மறுபடி எடுத்தார். பழைய பதில்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

"அன்புடன்னு போட்டிருந்ததே. அதுவும் நீதானா?"

"அது கம்பெனி போடறது."

"அதானே பாத்தேன்."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். தோள் மட்டும் ஆடியது. நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"எல்லாத்தையும் படிச்சியா?"

"படிச்சேன்."

"உன்னைப் பத்தி எழுதினதையும்?"

"அதையும்தான். பதில் மிச்சம் இருக்காதுன்னு."

"தப்பா நெனச்சுக்காத."

"தப்பா எதுவும் எழுதலையே நீங்க." பிறகு கேட்டேன். கேட்காமல் விட்டிருந்தால் இன்று தூக்கமே வராது. "ஹெல்ப்லைன் தேடச் சொன்னது நான். அதை ஏன் எழுதல?"

"அதை எதுக்கு எழுதணும்? தேடினவன் நான், டைப் அடிச்சவன் நான்."

"என்ன ஆப்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா..."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேனான்னு எனக்கே தெரியல."

முன்கட்டணம் கேட்டவன் நம்பரை அவரே பிளாக் செய்தார். எப்படிச் செய்வது என்று என்னைக் கேட்டுத்தான்.

மார்ச் 20, வியாழன்

டீம் லீடரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எழுத்தில் கொடுங்கக்கா என்றான். கொடுத்தேன். பாவம், என்னைவிட அவன் முகம்தான் அதிகமாக வாடியது.

மார்ச் 21, வெள்ளி

கட்டணம் கட்டியாயிற்று. ரசீதை மகளுக்கு அவரே அனுப்பினார்.

மார்ச் 24, திங்கள்

இணையக் குற்றப் பிரிவில் புகார் கொடுக்க இரண்டு பேரும் போனோம். மூன்று மணி நேரம் பெஞ்சில் காத்திருப்பு. எங்களுக்கு முன்னால் ஒரு ஸ்கூல் டீச்சர், ஒரு டாக்ஸி டிரைவர், கையில் ஃபைலோடு ஒரு ஆடிட்டர். ஆடிட்டரைப் பார்த்ததும் இவர் முகத்தில் லேசாக ஒரு தெம்பு. படிச்சவங்களும் வர்றாங்க என்று என் காதில் சொன்னார்.

எழுதிக்கொண்ட பெண் போலீஸ் களைத்துப் போயிருந்தாள். என்னைப் போலவே பட்டியல் பார்த்துப் பேசுகிறாள் என்று தெரிந்தது. "கிடைக்கும்னு வாக்கு குடுக்க முடியாது சார்" என்றாள். கிடைக்காது என்பதற்கு அவர்கள் பட்டியலில் அப்படித்தான் இருக்கிறது.

"பன்னெண்டு வார்த்தையையும் நீங்களேதான் குடுத்தீங்களா?"

"ஆமாம்மா. நானேதான்." சத்தமாகவே சொன்னார்.

ஏப்ரல் 2, புதன்

எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து வேறு டெஸ்க்குக்கு மாற்றிவிட்டார்கள். பார்சல் டெலிவரி. சம்பளத்தில் கொஞ்சம் குறையும். இனி செருப்பு அளவு சரியில்லை, கண்ணாடி உடைந்து வந்தது, இப்படி.

ஏப்ரல் 6, ஞாயிறு

மகளுக்கு அவரே போன் செய்து சொன்னார். நான் சொல்லட்டுமா என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். அவள் அழுதாள், பிறகு திட்டினாள், எனக்குக் கேட்கிற அளவுக்குத் திட்டினாள். அவர் கடைசிவரை காதிலிருந்து போனை எடுக்கவில்லை.

எனக்கும் பாக்கி இருந்தது. சாயங்காலம் நானும் திட்டினேன். பணம் போனதுக்கு இல்ல, எட்டு மாசம் ஒளிச்சு வெச்சதுக்கு. நல்லா மூச்சு வாங்கத் திட்டினேன். கேட்டுக்கொண்டார். "நீயும் வீட்டுக்கு வந்தா கதவை மூடிக்கிட்ட மாதிரிதானே இருப்ப" என்று ஒரே ஒரு தடவை திருப்பிச் சொன்னார். சரியான அடி. வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 17, வியாழன்

புகார் பற்றி ஒரு தகவலும் இல்லை. இனி தினமும் பார்ப்பதில்லை என்று முடிவு செய்தோம்.

மே 5, திங்கள்

ஒரு ஆஸ்பத்திரியில் நாலு லிஃப்டைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்குக் கிடைத்திருக்கிறது. ஏற வேண்டாம், குழியில் இறங்க வேண்டாம். பார்த்துக் குறித்து வைத்து ஆளைக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். காலையில் இரண்டு பேரும் ஒரே பஸ்.

நிறுத்தத்தில் நிற்கும்போது சொன்னார்: "மூணாவது லிஃப்ட் ஒரு சத்தம் போடுது. யாருக்கும் கேக்கலங்கறாங்க. எனக்குக் கேக்குது."

தூக்கத்தில் கண் சொருகிக்கொண்டிருந்தது. என்ன மாதிரி சத்தம் என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, பக்கத்தில் நிற்பவர்களைப் பற்றிக் கவலையே இல்லாமல், வாயால் அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டினார். பிறகு கயிறாக இருந்தால் எப்படிக் கேட்கும், சக்கரமாக இருந்தால் எப்படிக் கேட்கும் என்று ஆரம்பித்தார். பஸ் வந்தது, ஏறினோம், இடம் கிடைத்து உட்கார்ந்தோம். விடாமல் சொல்லிக்கொண்டு வந்தார். பாதிதான் புரிந்தது. என் நிறுத்தம் வந்தபோது சக்கரத்தைக்கூட முடிக்கவில்லை.

"எறங்கு, எறங்கு. மிச்சத்தை சாயங்காலம் சொல்றேன்" என்றார்.