மின்குமிழுக்கு மேல் ஒரு கூடு

கட்டுகஸ்தோட்டை
18.2.1974

அன்புள்ள பவளத்துக்கு,

நான் நலம். உன் இருமல் நின்றதா, அத்தையின் முழங்கால் எப்படி என்று விவரமாக எழுது. "எல்லாரும் சுகம்" என்று ஒரே வரியில் முடிக்காதே.

இங்கே ஒரு தொல்லை. என் அறை மின்குமிழின் தகர மூடிமேல் ஒரு சோடிக் கொண்டைக்குருவி கூடு கட்டத் தொடங்கியது. வெளியே அத்தனை மரம் இருக்கிறது. இரண்டு தடவை பிய்த்து எறிந்தேன். வத்தேகமயில் ஒரு கிழமை கரண்ட் லைன் இழுத்துவிட்டு வந்தால், கூட்டில் மூன்று முட்டை.

வீட்டுக்கார ஹாஜரா உம்மா எட்டிப் பார்த்து, "லைட்டப் போட்டுடாதீங்க மகன், முட்ட அவிஞ்சிரும்" என்றார். ஊருக்கெல்லாம் லைட் போட்டுக் கொடுக்கிறவன் மெழுகுதிரியில் எழுதுகிறேன். அவை வந்து போக ஜன்னலும் திறந்தே கிடக்கிறது. மாசிக் குளிர் உள்ளே வருகிறது. பதுளையிலிருந்து யாராவது வந்தால் நம் குப்பி விளக்கையும் கம்பளியையும் கொடுத்துவிடு.

இந்த அறை இரண்டு பேருக்குப் போதாது என்று நான்தான் உன்னிடம் சொன்னேன். குஞ்சு பொரித்தால் இங்கே ஆறு பேர்.

மெழுகுதிரி முடிகிறது. விளக்கை யாரிடமும் கொடுத்துவிடாதே. நீயே கொண்டு வா.

கதிரேசன்