சீட்டுக் கம்பியில் ஒரு சிவப்புக் கோடு

8.9.2024, ஞாயிறு

பூங்குழலியின் சைக்கிளைக் கழுவினேன். மலையே இல்லாத அரியலூரில் மலை சைக்கிள் எதற்கு என்று வாங்கும்போதே கேட்டேன். "பக்கத்துல பெரம்பலூர்ல பச்சமல இருக்குல்ல, ஒருநாள் அதுல ஏறிக் காட்டுறேன்" என்றாள். போனதென்னவோ கீழப்பழுவூர் வரைக்கும்தான். ஞாயிறுதோறும் விடிகாலையில் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் முகமெல்லாம் சிவந்து வந்து வாசலில் நிற்பாள். என் பொண்டாட்டி இப்போது மஸ்கட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். பெரிய ஐசியூவில் வேலை பார்க்க வேண்டும் என்பது அவளுடைய ரொம்ப நாள் ஆசை. பார்க்கட்டும்.

சைக்கிள் என் பொறுப்பு. வாளியில் ஷாம்பூ தண்ணீர், பழைய பல் பிரஷ், என் கிழிந்த வேட்டி. குழாய்த் தண்ணீரை நேராகப் பீய்ச்சக் கூடாது, பேரிங்குக்குள் போய்விடும். செயினை டீசலில் துடைத்து, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டே கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். பிறகு அந்த எண்ணெயையே துடைத்து எடுக்க வேண்டும். போட்டதை எதற்கு எடுப்பது என்று ஆரம்பத்தில் அவளோடு சண்டை பிடித்தேன். எங்கள் தெரு வழியாகத்தான் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகின்றன. மிச்ச எண்ணெயில் அந்தத் தூசி ஒட்டினால் செயினையே அரைத்துத் தின்றுவிடுமாம். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், அதுதான் எனக்குக் கடுப்பு.

சீட்டை மட்டும் நான் தொடுவதில்லை. சீட்டுக் கம்பியில் அவள் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கிறாள். சீட்டு அந்தக் கோட்டில் நின்றால் அதுதான் அவள் உயரம். ஜனவரியில் அவளுடைய இரண்டு வருஷ ஒப்பந்தம் முடிகிறது. வந்ததும் ஏறி உட்கார்ந்து மிதிக்க வேண்டியதுதான்.

15.9.2024

போன் செய்தாள். செயினைப் பற்றிப் பேசினோம்.

29.9.2024, ஞாயிறு

"இன்னும் ரெண்டு வருசம் இருக்கச் சொல்றாங்க. ஐசியூ இன்சார்ஜ் தரேங்கிறாங்க. என்ன சொல்றதுன்னு தெரியலங்க."

நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாள் போல. அந்த நேரம் பார்த்து நான் என்ன சொன்னேன்?

"ஒன் இஷ்டம் குழலி. பின் டயர்ல காத்து எறங்கிக்கிட்டே இருக்கு, ட்யூப மாத்திடவா?"

மாத்துங்க என்றாள். வைத்துவிட்டாள். டயர்! வேறு பேச்சே கிடைக்கவில்லையா எனக்கு? திரும்பி வா என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் ஆசைப்பட்டுச் சேர்ந்த வேலை. நான் வா என்று சொல்லி அவள் வந்து, பிறகு இங்கே ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் நின்றுகொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தால் நான் எங்கே போய் ஒளிவேன்?

11.10.2024, ஆயுத பூஜை

என் ஸ்டிக்கர் கடையில் பூஜை முடிந்தது. ஸ்டிக்கர் வெட்டும் மெஷின், ஸ்கேல், கத்தரிக்கோல், நம்பர் பிளேட் துளைபோடும் டிரில் எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு ஓய்வெடுக்கின்றன. வீட்டில் சைக்கிளுக்கும் செய்யலாம் என்று உட்கார்ந்தேன். கழுவியும் போகாத தார்ப்புள்ளிகள் இருந்தன. ஸ்டிக்கர் பசை எடுக்கும் தின்னரைக் கடையிலிருந்து கொண்டுவந்திருந்தேன். துணியில் நனைத்து ஒரு வெறியோடு துடைத்தேன். கோடுதான் இருக்கிறதே, திரும்ப அதிலேயே நிறுத்திக்கொள்ளலாம் என்ற தைரியத்தில் சீட்டுக் கம்பியையும் உருவி, அடியிலிருந்து நுனிவரை துடைத்தேன். ஷோரூமில் இருந்து இறக்கியதுபோல் மின்னியது. சந்தனப் பொட்டு, குங்குமம், கைப்பிடியில் பூ.

கம்பியைத் திரும்பச் செருகும்போதுதான் பார்த்தேன். கோட்டைக் காணோம். துணியில் இளஞ்சிவப்பாக ஒரு தீற்றல் இருந்தது.

இந்த ஊரில் ஓடுகிற லாரிக்கெல்லாம் நூல் பிசகாமல் அளவெடுத்துப் பெயர் ஒட்டுகிறவன் நான். பொண்டாட்டி அளவைத் துடைச்சி எடுத்துட்டேன். என்ன மூளைடா இது.

13.10.2024, ஞாயிறு

சைக்கிளைத் தெருவில் ஓட்டிப் பார்த்தேன். பிரேக் பிடித்தால் ஆட்டுக்குட்டி மாதிரி கத்துகிறது, ஆனால் நிற்கவில்லை. பக்கத்து வீட்டுச் சின்னம்மாள் அக்காவின் வேலியில் போய்த்தான் நின்றேன். வீடியோ காலில் காட்டியதும் பூங்குழலி கண்டுபிடித்துவிட்டாள்.

"பிரேக் டிஸ்க்குக்குமா சந்தனம் வச்சீங்க?"

"எல்லாத்துக்கும் வச்சேன். அதுக்கு மட்டும் வைக்கலன்னா கோவிச்சுக்காதா?"

சிரித்தாள். போனே ஆடுகிற அளவுக்குச் சிரித்தாள். மருந்துக்கடையில் ஸ்பிரிட் வாங்கித் துடைக்கச் சொன்னாள், ஊசி போடுவதற்கு முன் தேய்க்கிறார்களே, அது. அவள் இப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனையோ மாதம் ஆகிறது. அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனசு வரவில்லை.

"சீட்டு அப்படியேதான இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு."

20.10.2024

அவள் எவ்வளவு உயரம்?

என் பக்கத்தில் நின்றால் தலை என் தோளுக்கு வருமா, தாடைக்கு வருமா? கல்யாண போட்டோவில் காதுவரை இருக்கிறாள், ஆனால் அன்றைக்கு ஹீல்ஸ் செருப்பு. மேல் தட்டிலிருந்து சீரக டப்பாவை எடுக்க நுனிக்காலில் எம்புவாள், அது ஞாபகம் இருக்கிறது. எம்பினால் எட்டும். எம்பாமல்? பக்கத்தில் இருந்தபோது அளந்து பார்க்கத் தோன்றவில்லை. கண்ணெதிரே இருக்கிற ஆளை யார் அளப்பார்கள்.

சீட்டை ஏற்றிப் பார்த்தேன், இறக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு உயரத்திலும் ஒவ்வொரு பூங்குழலி உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு அவளைப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது. போனில் இல்லை.

27.10.2024, ஞாயிறு

ஒரு வழி கண்டுபிடித்தேன். அவள் சைக்கிள் ஓட்டும்போது போடுகிற சுடிதார் பேண்டை பீரோவிலிருந்து எடுத்தேன். கொல்லையில் துணிக்கொடியில் தொங்கவிட்டு, பக்கத்தில் சைக்கிளை நிறுத்தினேன். பெடல் அடியில் இருக்கும்போது குதிகால் அதில் பட்டு, முட்டி மடங்காமல் கால் நீளவேண்டும். அவள் சொல்லிக்கொடுத்த கணக்கு. பேண்டின் கால் நுனியைப் பெடலில் வைத்துப் பிடித்துக்கொண்டு, கவட்டுத் தையல் வரும் இடத்துக்குச் சீட்டை இறக்கினேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் சின்னம்மாள் அக்கா.

"தம்பி, பேண்ட்டுக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக் குடுக்குறீங்களா?"

ஆமாங்கக்கா என்றேன். வேறென்ன சொல்ல. அக்கா சிரித்துக்கொண்டே உள்ளே போய், கொஞ்ச நேரத்தில் ஒரு கிண்ணம் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்து வேலிமேல் வைத்துவிட்டுப் போனார். எதுவும் கேட்கவில்லை.

பேண்டில் இன்னும் அவள் பவுடர் வாசனை லேசாக இருக்கிறது. திரும்ப மடித்து வைக்க ரொம்ப நேரம் பிடித்தது.

31.10.2024, தீபாவளி

வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை.

17.11.2024, ஞாயிறு

"பொங்கலுக்கு வரேங்க. மூணு வாரம் லீவு. திரும்பற டிக்கெட்டும் சேத்தே போட்டுட்டாங்க, பிப்ரவரி ரெண்டு."

அப்படியென்றால் அந்த இரண்டு வருஷத்துக்கு அங்கே சரி சொல்லிவிட்டாள்.

சந்தோஷம் என்றேன். முன் டயரில் கருவேல முள் ஏறியதைச் சொன்னேன். முள் ஒடியாமல் எப்படி இழுத்து எடுத்தேன் என்பதை விலாவாரியாகச் சொன்னேன். ம், ம் என்று கேட்டாள்.

1.12.2024

மழை. வெளியே விட்டால் செயின் துருப்பிடிக்கும் என்று சைக்கிளை உள்ளே கொண்டுவந்துவிட்டேன். கட்டிலில் அவள் படுக்கும் பக்கம் சாய்த்து வைத்திருக்கிறேன். வேறு இடமும் இருக்கத்தான் செய்கிறது.

10.1.2025, வெள்ளி

நாளை திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போக வேண்டும். கடையை மூடிவிட்டு சைக்கிளைக் கழுவினேன். செயின் சத்தமில்லாமல் ஓடுகிறது. பிரேக் சொன்ன பேச்சு கேட்கிறது. இரண்டு டயரிலும் காற்று இருக்கிறது.

சீட்டைத்தான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பேண்ட் சொல்லும் உயரம் எனக்குத் திருப்தியாக இல்லை. இவ்வளவு குட்டையா அவள்? துணி துவைத்துத் துவைத்துச் சுருங்கியிருக்கும். ஒரு விரல்கடை ஏற்றி முடுக்கிவிட்டேன்.

12.1.2025, ஞாயிறு

இன்று விடிந்ததும் சைக்கிளை வெளியே உருட்டினாள். அதே பேண்ட். ஏறினாள், நாலு மிதி மிதித்தாள், இடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. இறங்கிவிட்டாள். சீட்டுக் கம்பியைக் குனிந்து பார்த்தாள்.

"ஏங்க, கோட்டக் காணும்?"

எல்லாவற்றையும் சொன்னேன். தின்னர், துணிக்கொடி, பேண்ட், கடைசியாக ஏற்றிய விரல்கடை.

"பேண்ட்டு அளவுதாங்க சரி. அப்பறம் ஏன் ஏத்துனீங்க?"

"நீ இன்னும் ஒசரம்னு நெனச்சேன்."

சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். முதுகு குலுங்கியது. நான் ஸ்பேனரை எடுத்து ஒரு விரல்கடை இறக்கினேன். அவள் உள்ளே போய் நெயில் பாலிஷ் கொண்டுவந்து புதுக் கோடு போட்டாள். காயும்வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

14.1.2025, பொங்கல்

பொங்கியது. இரண்டு பேரும் கத்தினோம். சின்னம்மாள் அக்காவும் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினார்.

30.1.2025, வியாழன்

பெட்டியைக் கட்டிலுக்கடியிலிருந்து எடுத்து வைத்திருக்கிறாள். சாயங்காலம் கொல்லையில் சைக்கிள் கழுவினோம். அவள் செயின், நான் சக்கரம். நான் என் வழக்கப்படி டயரைப் பற்றிப் பேச்செடுத்தேன்.

துணியைக் கீழே போட்டாள்.

"ரெண்டு வருசமா போன்ல, செயினுக்கு எண்ண போட்டேன், ட்யூப மாத்துனேன், முள்ள எடுத்தேன்னு. இதத்தான சொன்னீங்க? செப்டம்பர்ல நான் என்ன சொல்றதுன்னு தெரியலன்னு எதுக்குச் சொன்னேன்? வந்துடுன்னு ஒரு தடவ சொல்றீங்களான்னு பாத்தேன். காத்து எறங்குதுன்னீங்க."

"ஒனக்கு அந்த வேல புடிச்சிருந்துச்சு."

"புடிச்சிருந்துச்சு. இங்கயும் எனக்குப் புடிச்சது இருக்குன்னு யாராச்சும் சொல்ல வேணாமா?"

கையெல்லாம் டீசல். சொன்னேன்.

"போவாத குழலி. என்னால முடியல. நீ இல்லாம இந்த வூட்ல எனக்கு ஒண்ணும் ஓடல. போவாத."

இவ்வளவுதான். சொல்லி முடிக்க ஒரு மூச்சுகூட ஆகவில்லை. அவள் துணியை எடுத்து விட்ட இடத்திலிருந்து செயினைத் துடைத்தாள். பிறகு கை கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நேரம் கடந்து சொன்னேனோ? டிக்கெட் போட்டாயிற்று, அங்கே பேர் கொடுத்தாயிற்று. இதை நான் செப்டம்பரில் சொல்லியிருக்கலாம்.

1.2.2025, சனி

பெட்டி கட்டியபடி இருக்கிறது. காலையிலிருந்து மஸ்கட்டுக்குப் போன் பேசிக்கொண்டிருக்கிறாள், இங்கிலீஷில். எனக்குப் பாதிதான் புரிகிறது. கேட்கப் பயமாக இருக்கிறது.

9.2.2025, ஞாயிறு

பின் பல்சக்கரத்தில் வைக்கோல் சுற்றிக்கொண்டிருக்கிறது. கீழப்பழுவூர் ரோட்டில் அறுப்பு முடிந்து வைக்கோலைப் பரப்பியிருக்கிறார்களாம். சுற்றிப் போக வேண்டியதுதானே? இல்லை, மேலேயே ஏற்றித்தான் ஓட்டுவாளாம், மெத்தை மாதிரி இருக்கிறதாம். முகமெல்லாம் சிவந்து வந்து வாசலில் நின்று, சைக்கிளை என் கையில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். டிக்கெட் போட்டிருந்த போன ஞாயிறே பெட்டி காலியாகித் திரும்பக் கட்டிலுக்கடியில் போய்விட்டது. போன வாரம்தான் கண்ணாடி மாதிரி துடைத்து வைத்தேன்.

ஒவ்வொரு வைக்கோலாக இழுத்து எடுக்கிறேன். சீட்டுக் கம்பி பக்கம் மட்டும் கையைக் கொண்டுபோகவில்லை.